விக்டோரியா காலத்து ஸ்டாஃபர்ட்ஷயர் பொம்மைகள்: காசை எடுக்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

அம்மா முதல் தடவையாக இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, கணப்புக்கு மேலே உள்ள திட்டில் நான் வரிசையாக வைத்திருந்த பொம்மைகளில் ஒன்றைக் கையில் எடுத்தாள். நீலக் கோட்டுப் போட்ட ஒரு தளபதி, இடுப்பில் ஒரு கை, பக்கத்தில் கொடி. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக, சப்பையாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. "என்னடா இது, பாதி பொம்மைக்கு முழுக் காசு குடுத்திருக்கே?" என்றாள்.

பாதி பொம்மைதான், அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இதைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மா முதலில் செய்த காரியத்தை, புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை. முகத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். திருப்புவதில்லை, கவிழ்ப்பதில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதற்கு நான் அழுத பணம் எவ்வளவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரை இங்கிலாந்தில் பலவகைப் பீங்கான் உருவங்கள் விற்றன. மின்டன், கோப்லண்ட் போன்ற பெரிய கம்பெனிகள் வசதியானவர்களுக்காகப் பளிங்குச் சிலை போலத் தோன்றும் பேரியன் உருவங்களைச் செய்தன. ஜெர்மனியிலிருந்து, அடியில் நக்கலாக ஒரு வரி எழுதிய ஃபேரிங் என்ற குட்டிப் பொம்மைகள் வந்து திருவிழாச் சந்தைகளில் விற்றன. அவை வேறு உலகம், விட்டுவிடுவோம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஸ்டாஃபர்ட்ஷயர் பொம்மைகளைத்தான். ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக மிஞ்சியும் இருக்கின்றன, இருபது முப்பது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது விலையும் இறங்கியிருக்கிறது.

இவை வந்த இடம் இன்று ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்று அழைக்கப்படும் நகரம். 1910-ல் ஒன்றாகச் சேரும்வரை அது டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று தனித்தனி ஊர்கள். நிலக்கரியும் களிமண்ணும் அங்கேயே கிடைத்ததால் தெருவுக்குத் தெரு சூளை. பெரிய கம்பெனிகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பட்டறைகளும் ஏகப்பட்டவை இருந்தன, பொம்மைகள் பெரும்பாலும் அவற்றில்தான் பிறந்தன. அவர்கள் பெயர் பொறிக்கவில்லை. அதனால் அடியில் முத்திரையைத் தேடாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒன்றும் இருக்காது. சொல்லப்போனால், அடியில் கொட்டை எழுத்தில் 'ஸ்டாஃபர்ட்ஷயர்' என்று அச்சடித்திருந்தால் நான் உடனே கீழே வைத்துவிடுவேன்.

பீங்கான் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, இது விளக்கில் பிடித்தால் ஒளி ஊடுருவும் சீனப் பீங்கான் வகை இல்லை. வெள்ளையாகச் சுடும் களிமண்ணோடு, சுட்டுப் பொடித்த சிக்கிமுக்கிக் கல்லைக் கலந்து செய்த கெட்டியான மண்பாண்டம். வாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், ஆலைத் தொழிலாளிகள், கிராமத்து வீட்டுக்காரர்கள். வைத்த இடம் கணப்புக்கு மேலே, சுவரை ஒட்டி. கொலுப் படியில் இருக்கும் பொம்மையின் முதுகை யார் பார்க்கிறார்கள்? அதே கணக்குத்தான். முதுகைச் சப்பையாக விட்டால் அச்சும் சுலபம், சாயமும் மிச்சம், நேரமும் மிச்சம். இந்தச் சப்பை முதுகு வகைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபிளாட்பேக். ஏறக்குறைய 1840-ஐ ஒட்டி இந்தப் பாணி பரவியது.

அந்த மிச்சத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பட்டறைகளில் குழந்தைகள் வேலை பார்த்தார்கள். 1840-களின் தொடக்கத்தில் சாமுவேல் ஸ்க்ரிவன் என்ற அரசு அதிகாரி இந்த ஊர்களில் பட்டறை பட்டறையாகப் போய், குழந்தைகளின் வாய்மொழியாகவே அவர்கள் நிலையைப் பதிவு செய்தார். பொம்மையின் கன்னத்தில் அவசரமாக அப்பிய சிவப்புப் பொட்டைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும். ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

முதல் மாதம் வாங்காதீர்கள்

கை துறுதுறுக்கும், தெரியும். இருந்தாலும் முதலில் பார்ப்பதற்குப் போங்கள். ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் மியூசியத்தில் இந்த வகை உருவங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் மேல் மாடியில் பீங்கான் கூடங்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிரைட்டன் மியூசியத்தில் உள்ள வில்லட் தொகுப்பு. ஹென்றி வில்லட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தது. அவர் பட்டறை வாரியாகவோ விலை வாரியாகவோ அடுக்கவில்லை. ராஜகுடும்பம், போர், மதம், குற்றம், விளையாட்டு என்று பொருள் வாரியாக அடுக்கினார். நாட்டு மக்களின் சரித்திரம் அவர்கள் வீட்டுப் பாண்டங்களிலேயே இருக்கிறது என்பது அவர் எண்ணம். அதை ஒரு தடவை பார்த்தால், நீங்கள் எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பது பாதி முடிவாகிவிடும்.

ஆனால் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்கலாம். தொட்டுப் பார்க்க ஏலக்கூடத்துக்குப் போக வேண்டும். ஏலத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள், பெரும்பாலும் இலவசம். எடுத்துப் பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் தருவார்கள். ஒரு நாளில் இருபது பொம்மைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றுகூட வாங்க வேண்டாம், எடையை மட்டும் கை வாங்கிக்கொள்ளட்டும்.

அப்புறம் முதலாவதாக வாங்குவது உடைந்ததாக இருக்கட்டும். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கழுத்து ஒட்டியது, கை போனது, அடி பெயர்ந்தது என்று ஒரு அசல் பொம்மை பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கிடைக்கும். பெயர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் மண்ணின் நிறம், சுவரின் கனம், மேலே பூசிய கிளேஸின், அதாவது கண்ணாடி மாதிரியான மேல்பூச்சின், தடிப்பு எல்லாம் குறுக்குவெட்டாகத் தெரியும். முழுசாக இருக்கும் பொம்மை இதில் எதையும் காட்டாது. என் முதல் அசல், தலை இல்லாத ஒரு ஆட்டுக்காரி. நான் படித்த பாடம் முக்கால்வாசி அவளிடம்தான்.

கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

முதலில் எடை. பழைய முறையில், களிமண்ணைச் சப்பாத்தி மாதிரி தட்டி, முன்பாதி பின்பாதி என்று இரண்டு சாந்து அச்சுகளில் விரலால் அழுத்தி, இரண்டையும் சேர்த்து, சேர்ந்த இடத்தில் உள்ளே குழைத்த மண்ணால் பூசினார்கள். கையால் அழுத்தியதால் சுவர் தடிமன், அதுவும் ஒரே சீராக இருக்காது. பொம்மை அளவைப் பார்த்து நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். பிற்காலப் போலிகள் பெரும்பாலும் வேறு மாதிரி செய்யப்பட்டவை. களிமண்ணைப் பால் போலக் கரைத்து அச்சுக்குள் ஊற்றி, ஓரத்தில் ஒரு படலம் படிந்ததும் மீதியைக் கவிழ்த்து விடுவார்கள். சுவர் மெல்லிசு, எடை லேசு, தூக்கினால் கை தானாக மேலே போகும்.

அடுத்து ஓட்டை. உள்ளே வெற்றிடம் உள்ள பொம்மையைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். பழைய பொம்மையில் அதற்காக ஒரு சின்னத் துளை போட்டிருப்பார்கள், அடியிலோ முதுகிலோ, ஒரு குச்சியால் குத்தியது மாதிரி. ஊற்றிச் செய்த பொம்மைக்கு மண்பாலை ஊற்றவும் கவிழ்க்கவும் வழி வேண்டுமே, அதனால் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை அடியில் இருக்கும். அதற்குள் எட்டிப் பார்த்தால் வெளியே உள்ள மேடு பள்ளம் உள்ளேயும் அப்படியே தெரியும். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த எடை, ஓட்டை இரண்டையும் மறக்காதீர்கள்.

மூன்றாவது நிறம். கரு நீலத்தைக் கவனியுங்கள். கோபால்ட்டிலிருந்து எடுக்கும் அந்த நீலம், கிளேஸ் உருகும் சூட்டைத் தாங்கும், அதனால் அதைக் கிளேஸுக்கு அடியிலேயே பூசினார்கள். விரலை ஓட்டினால் கண்ணாடி மாதிரி வழுக்கும், ஓரங்களில் லேசாகக் கசிந்திருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் கிளேஸுக்கு மேலே பூசி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டவை. அவை விரலுக்குத் தட்டுப்படும். நூற்றைம்பது வருஷத்தில் அங்கங்கே செதில் செதிலாக உதிர்ந்தும் இருக்கும். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடங்கள் மங்கலாகத் தெரியும். கரு நீலக் கோட்டுகள் 1840-களிலும் 50-களிலும் அதிகம். அதற்குப் பிறகு போகப்போகச் செலவைக் குறைத்து, வெள்ளை உடம்பில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பொன் என்று முடித்துவிட்டார்கள்.

நான்காவது பொன். காலத்தைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஏறக்குறைய 1880-க்கு முன்பு பூசிய பொன் மங்கலான, தேன் கலந்த மஞ்சள், மெருகேற்றினால்தான் பளபளக்கும், கை பட்ட இடத்தில் தேய்ந்திருக்கும். அதற்குப் பிறகு திரவப் பொன் வந்தது. தேய்க்கவே வேண்டாம், சூளையிலிருந்து வரும்போதே பித்தளைப் பாத்திரம் மாதிரி ஜொலிக்கும். இரண்டையும் அருகருகே ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு தூரத்திலிருந்தே சொல்லிவிடுவீர்கள். "பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு" என்று ஒருவர் புகழ்ந்து விற்றால், அந்தப் புகழ்ச்சியையே அவருக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வலை மாதிரி ஓடும் மெல்லிய கீறல்களை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அசலிலும் இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, சிலவற்றில் இருக்கவே இருக்காது. போலியில் வேண்டுமென்றே வரவழைத்து, டீ நிறத்தில் சாயம் ஏற்றி, தலை முதல் கால்வரை ஒரே அளவில் ஓடவிட்டிருப்பார்கள். அடியில் உள்ள அழுக்கும் அப்படித்தான். அசல் பொம்மை மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும் தேய்ந்து, அங்கேதான் அழுக்கேறியிருக்கும். மேசையைத் தொடவே தொடாத குழிக்குள் அழுக்கு இருந்தால், யாரோ உட்கார்ந்து அப்பியிருக்கிறார்கள்.

கடைசியாக முகம். இப்போது பார்க்கலாம். அசலில் புருவம் ஒரே இழுப்பில் போட்டது, மெல்லிசாக, கொஞ்சம் கோணலாக. முடி தனித்தனி இழைகளாகச் சீவியது மாதிரி இருக்கும். போலியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது மாதிரி ஒரே தடிமனில் கோடு, கண் ஏதோ பயந்தது போல முழிக்கும்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் தேறி, அப்படியும் விக்டோரியா காலத்தது இல்லாத பொம்மைகளும் உண்டு. பர்ஸ்லம் ஊரின் வில்லியம் கென்ட் கம்பெனி பழைய மாதிரிகளையே 1962 வரை செய்துகொண்டிருந்தது. லாங்டனில் சாம்ப்சன் ஸ்மித் என்பவர் தொடங்கிய பட்டறையில், 1948-ல் கைவிடப்பட்ட ஒரு பகுதியிலிருந்து பழைய அச்சுகள் சுமார் அறுபது கிடைத்து, அவற்றில் சிலவற்றில் மறுபடியும் பொம்மை அழுத்தினார்கள். அச்சு அசல், மண் புதிது. ஏமாற்றச் செய்தவை அல்ல, அந்த ஊரிலேயே தொடர்ந்த தொழில். அவற்றை அவற்றுக்கான விலையில் வாங்கினால் தப்பே இல்லை. இங்கே மறுபடியும் பொன்னையும் அடி விளிம்பையும்தான் பார்க்க வேண்டும்.

நான் கட்டிய ஃபீஸ்

நாய்கள். ஸ்டாஃபர்ட்ஷயர் என்றாலே பலருக்கு நினைவு வருவது, கணப்பின் இரண்டு ஓரத்திலும் ஒன்றையொன்று பார்த்து உட்கார்ந்திருக்கும் ஸ்பானியல் நாய் ஜோடி, கழுத்தில் பொன் சங்கிலி, அதில் குட்டிப் பூட்டு. விக்டோரியா ராணியே இளவயதில் டேஷ் என்ற ஸ்பானியலை வளர்த்தவர்தான். ஸ்காட்லாந்தில் இந்தப் பீங்கான் நாய்களை 'வாலி டக்' என்று செல்லமாக அழைப்பார்கள். ஒரு சனிக்கிழமை, ஒரு பழம்பொருள் கடையில், பூவிரிப்பு மேல் ஒரு ஜோடி. சிவப்புப் புள்ளி, தங்கச் சங்கிலி, சோகமான முகம். கடைக்காரர் "என் பாட்டி வீட்டு மாதிரி" என்றார், கவனியுங்கள், "பாட்டி வீட்டில் இருந்தது" என்று சொல்லவில்லை. 140 பவுண்டு. வீட்டுக்கு வந்து தலையில்லாத ஆட்டுக்காரிக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது. ஆட்டுக்காரியில் பாதி கனம்கூட இல்லை. கவிழ்த்தால், இரண்டு நாய்க்கும் அடியில் என் கட்டைவிரல் போகும் ஓட்டை. திருப்பிக் கொடுக்கப் போனேன், ரசீதில் 'ஸ்டாஃபர்ட்ஷயர் பாணி' என்று எழுதியிருப்பதைக் காட்டினார்கள். பாணி! அந்த ஒரு சொல்லை நான் படிக்கவே இல்லை.

அதனால் காசு கொடுக்கும் முன், செய்த காலத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்: "ஸ்டாஃபர்ட்ஷயர், சுமார் 1855" என்று. நேர்மையான வியாபாரி தயங்காமல் எழுதுவார். மழுப்பினால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

நாய் வாங்குவதானால் இன்னும் இரண்டு விஷயம். முன்னங்காலுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விட்டுக் காலைத் தனியாகச் செய்திருந்தால் அது கூடுதல் வேலை, பொதுவாக முந்தைய காலத்தது, விலையும் அதிகம். அப்புறம் ஜோடி. இரண்டும் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக இருக்க வேண்டும், உயரம் ஒத்துப்போக வேண்டும், ஒரே கை வரைந்த முகமாகத் தெரிய வேண்டும். வேறு வேறு வீட்டிலிருந்து வந்த இரண்டு ஒற்றைகளைச் சேர்த்து ஜோடியாக்கினால் அதற்கு 'மேரேஜ்' என்று பெயர். நமக்குக் கல்யாணம் என்றால் நல்ல சேதி, ஏலப் பட்டியலில் அது குறை.

ஒட்டு வேலையைக் கண்டுபிடிப்பது

பழைய பொம்மைகளில் கழுத்து உடைவது சகஜம். ஒட்டியதைச் சொல்லி விற்றால் நல்லது, விலையைக் குறைத்து வாங்கலாம். சொல்லாமல் பூசி மறைத்ததுதான் பிரச்சினை. நகத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே கழுத்தைத் தாண்டிப் போங்கள், நல்ல இடத்தில் 'டிங்' என்பது ஒட்டிய இடத்தில் 'டொக்' என்று மாறும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் கிளேஸ் சில்லென்று இருக்கும், புது பெயின்ட் அவ்வளவு குளிராது. சிலர் பல்லில் உரசிப் பார்ப்பார்கள். கண்ணாடி நரநரக்கும், பெயின்ட் மெத்தென்று இருக்கும். பழைய கிளேஸில் ஈயம் இருப்பதால் நான் அதைச் செய்வதில்லை, அதோடு ஏலக்கூடத்தில் பத்துப் பேர் முன்னால் பொம்மையைக் கடிக்க எனக்கு வெட்கம்.

பத்து பவுண்டுக்கு ஒரு புற ஊதா டார்ச் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள். இருட்டில் அடித்தால் புதிதாகப் பூசிய இடம் பெரும்பாலும் மீதியிலிருந்து வேறு நிறத்தில், பால் மாதிரியோ மஞ்சளாகவோ ஒளிரும். கழுத்து, முழங்கை, தொப்பி விளிம்பு, குதிரைக் கால், கொடிக் கம்பு என்று நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் முதலில் அடியுங்கள்.

சூளையிலேயே விழுந்த விரிசல் வேறு. கிளேஸ் அந்த விரிசலுக்குள் ஓடிப் போயிருந்தால் அது பிறவிக் குறை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எதைச் சேர்ப்பது

இங்கேதான் சுவாரசியமே. கண்டதையெல்லாம் வாங்கினால் ஒரு வருஷத்தில் திட்டு நிறைந்துவிடும், பிறகு எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராஜகுடும்பம் எளிது. விக்டோரியாவுக்கும் ஆல்பர்ட்டுக்கும் 1840-ல் கல்யாணம் ஆனதிலிருந்து பட்டறைகளுக்கு நல்ல வியாபாரம். குழந்தை பிறக்கப் பிறக்க ஒரு பொம்மை. 1854-ல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியதும் தளபதிகள், மாலுமிகள், கூட்டாளிகளான பிரெஞ்சுச் சக்கரவர்த்தியும் துருக்கி சுல்தானும், பிறகு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். பாடகி ஜெனி லிண்ட் 1847-ல் லண்டன் மேடையேறினார், உடனே அவரும் கணப்பின் மேல் ஏறினார். புகைப்படம் பரவாத காலம், இவர்களெல்லாம் எப்படி இருப்பார்கள் என்று பொம்மை செய்தவர்களுக்கு எங்கே தெரியும்? பாட்டுப் புத்தக அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் வந்த படங்களைப் பார்த்துச் செய்தார்கள். படம் கிடைக்காவிட்டால் இருக்கும் அச்சிலேயே பெயரை மாற்றி எழுதினார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் உருவத்துக்கு அடியில் 'வாஷிங்டன்' என்று பொன்னெழுத்தில் எழுதிய பொம்மை பிரசித்தம். அதே உருவம் 'பழைய ஆங்கிலேயக் கனவான்' என்ற பெயரிலும் விற்றது! வரிக்குதிரையைப் பார்த்தீர்களானால் பிடரி மயிர் குதிரைக்கு இருப்பது போலத் தொங்கும், ஏனென்றால் அது குதிரைதான், கோடு போட்டிருக்கிறார்கள்.

என்னை இழுத்தது குற்றவாளிகள். ஜேம்ஸ் ரஷ் என்பவன் 1848-ல் நார்ஃபோக்கில் ஸ்டான்ஃபீல்ட் ஹால் மாளிகைக்குள் புகுந்து தந்தையையும் மகனையும் சுட்டுக் கொன்றான், மறு வருஷம் தூக்கு. ரஷ், அவனோடு வாழ்ந்து அவனுக்கு எதிராகவே சாட்சி சொன்ன எமிலி சாண்ட்ஃபோர்ட், கொலை நடந்த மாளிகை, அவன் குடியிருந்த பொட்டாஷ் பண்ணை என்று ஒரு முழு செட்டே செய்து விற்றார்கள். விஷம் வைத்துக் கொன்றதாக 1856-ல் தூக்கிலிடப்பட்ட டாக்டர் பாமரின் வீடும் உண்டு. பொட்டாஷ் பண்ணையைத் தனியாகப் பார்த்தால் கொடி படர்ந்த அழகான குட்டி வீடு. அதை ஒரு குடும்பம் வாங்கி, சாப்பிடும் மேசைக்கு எதிரே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் "இங்கேதான் அவன் இருந்தான்" என்று காட்டியிருக்கும், வேறென்ன.

நம் பக்கத்துக் கதைகளும் உண்டு. 1857 கிளர்ச்சியை அடக்கிய ஹேவ்லாக், காலின் கேம்பல் இருவரும் குதிரைமேலும் நின்றபடியும் கிடைப்பார்கள். லக்னோ முற்றுகையில், மீட்க வந்த படையின் ஸ்காட்லாந்துக் குழலோசை முதலில் தன் காதில்தான் விழுந்தது என்று சொன்னதாக ஜெஸ்ஸி என்று ஒரு பெண். கட்டுக்கதை என்கிறார்கள், ஆனால் பொம்மை இருக்கிறது. அவர்களை என் வீட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அது என் சொந்த விஷயம்.

விக்டோரியாவுக்குக் கொஞ்சம் முந்தியது ஒன்று, 1820-களை ஒட்டியது: புலி ஒன்று படுத்துக் கிடக்கும் வெள்ளைக்காரனின் தலையை வாயில் கவ்வியிருக்கும், அடியில் 'மன்றோவின் மரணம்'. 1792-ல் வங்காளத்து சாகர் தீவில் புலி தாக்கி இறந்த இளைஞன் அவன். அவனுடைய தகப்பன் ஹெக்டர் மன்றோ, 1780-ல் பொள்ளிலூரில் பெய்லி என்ற ஆங்கிலேய அதிகாரியின் படையை ஹைதரும் திப்புவும் நாசம் செய்தபோது, சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேராத தளபதி. சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள். இந்தப் புலி பொம்மையை வாங்குவதெல்லாம் நமக்கு ஆகாத காரியம், மிக அரிது, விலையும் ஆயிரக்கணக்கில். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது, பார்த்து ஆற்றிக்கொள்ளலாம்.

இதெல்லாம் வேண்டாம், சும்மா அழகாக இருந்தால் போதும் என்றால், கணப்பு நெருப்பிலிருந்து விளக்கேற்றுவதற்கான காகிதச் சுருள்களைச் செருகி வைக்கும் மரத்தண்டு வடிவக் குப்பிகளைப் பாருங்கள், பக்கத்தில் பசுவும் கன்றும் நிற்கும். அல்லது பொய்க் கடிகாரங்கள். நிஜக் கடிகாரம் வாங்க வசதியில்லாத வீட்டுக்காக, முகப்பில் கடிகாரம் வரைந்த பொம்மை. ஒவ்வொன்றிலும் முள் ஒவ்வொரு மணியைக் காட்டும், வரைந்தவர் இஷ்டம்.

எங்கே, எப்படி வாங்குவது

கார் பூட் சேல் (கார் டிக்கியில் பழைய சாமான்களை வைத்து விற்கும் சந்தை), சாரிட்டி கடை இரண்டும் அதிர்ஷ்டம் சார்ந்தவை; அதிகாலை போனால் ஏதாவது அகப்படும். லண்டனில் சனிக்கிழமை போர்ட்டபெல்லோ சாலை, நாட்டிங்கம் பக்கம் நியூவார்க்கில் கூடும் பெரிய பழம்பொருள் சந்தை இரண்டும் கண்ணுக்கு விருந்து. பேரம் பேசலாம், அசிங்கமில்லை. "இதற்கு உங்களால் முடிந்த நல்ல விலை என்ன?" என்று கேட்டால் பத்து சதவீதமாவது குறைப்பார்கள். மழை நாளின் சாயங்காலம், மறுபடி மூட்டை கட்ட வேண்டுமே என்று அவர்கள் சலித்திருக்கும் நேரம், இன்னும் நல்லது.

ஏலத்தில் கணக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள். சுத்தியல் 60 பவுண்டில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 15 பவுண்டு, அந்தக் கமிஷனுக்கு 20 சதவீத வரி 3 பவுண்டு, ஆக 78. இணையம் வழியாகக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம், அப்புறம் பார்சல் செலவு. நூறை நெருங்கிவிட்டதா? அதனால் மனதில் 60 என்று நினைத்தால் 40-ல் கையை இறக்கிவிடுங்கள்.

நேரில் போக முடியாவிட்டால், பொருளின் நிலை பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அடிப்பகுதியின் படத்தையும் சேர்த்து. பட்டியலில் 'ஏ/எஃப்' என்று இருந்தால் ஏதோ சேதம் இருக்கிறது, இருப்பதை இருக்கிறபடியே விற்கிறார்கள் என்று அர்த்தம். இணையத்தில் விற்பவர் முகத்தை மட்டும் எட்டுப் படம் போட்டு, அடியை ஒரு படம்கூடப் போடவில்லை என்றால் கேளுங்கள். இரண்டு தடவை கேட்டும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சாதாரணமான, நல்ல நிலையில் உள்ள ஒரு உருவத்தை ஐம்பது, அறுபது பவுண்டு, சில சமயம் அதற்கும் குறைவாக வாங்க முடியும். லாபத்துக்காக வாங்காதீர்கள். விலை ஏறும் என்று நம்பித் தொண்ணூறுகளில் வாங்கியவர்கள் இன்றும் விற்க முடியாமல் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். துளை வழியாக உள்ளே போகும் தண்ணீர் லேசில் வெளியே வராது, பழைய வஜ்ஜிரப் பசையால் ஒட்டிய பொம்மையாக இருந்தால் வெந்நீரில் தலை கையோடு வந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை, இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். பொன்னையும் எழுத்தையும் தொடவே வேண்டாம், தேய்த்தால் போனது போனதுதான். பிளீச் கூடாது, பாத்திரம் கழுவும் மெஷின் பற்றிப் பேசவே வேண்டாம். தூக்கும்போது தலையையோ கையையோ பிடிக்காமல், அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. கணப்பில் நெருப்பு மூட்டும் வீடாக இருந்தால் அதன் மேல் திட்டில் வைக்காதீர்கள், சூடும் புகையும் ஆகாது. வழுக்கும் பலகையாக இருந்தால் அடியில் மூன்று பொட்டு மியூசிய மெழுகு வைத்தால் நகராது, பூனை வீட்டுக்கு இது கட்டாயம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு, என்ன சேதம், ரசீதில் என்ன எழுதியிருந்தது. படமும் எடுத்து வைத்துவிடுங்கள், முன்பக்கம், பின்பக்கம், அடி.

அந்த 140 பவுண்டு நாய் ஜோடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்றால் போலி என்று சொல்லித்தான் விற்க வேண்டும், அப்படிச் சொன்னால் பத்து பவுண்டுகூட வராது. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாமென்று பார்த்தேன், காற்றுக்கே நகர்ந்துவிடுகிறது, அவ்வளவு லேசு. அதனால் திட்டின் ஓரத்தில் தலையில்லாத ஆட்டுக்காரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. இதைப் பற்றிக் கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால், ஒரு கையில் நாயையும் மறு கையில் ஆட்டுக்காரியையும் கொடுத்துவிட்டு நான் டீ போடப் போய்விடுவேன்.